மலையில் இருந்துகொண்டு தள்ளுபடியில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்குபவர்களுக்கு

கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன் நான். ஒரு தீபாவளி விற்பனையில் 3,200 ரூபாய் தள்ளுபடி கிடைக்கிறதே என்று கிராஃபிக்ஸ் கார்டு (கணினியில் வீடியோ, கேம் படங்களை ஓட்டும் தனி அட்டை) வாங்கினேன். அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது தை மாதத்தில். இடையில் இரண்டு முறை கோவைக்குப் போய்வந்த பஸ், சாப்பாடு, வேலை கெட்ட நாட்கள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தள்ளுபடி கரைந்து, கைக்காசும் கொஞ்சம் போயிருந்தது. அதன் பிறகு அக்கா மகனுக்காகப் பழைய கார்டு ஒன்று வாங்கினோம். அது ஒரே நாளில், சிக்கல் இல்லாமல் முடிந்தது. இரண்டிலும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஊட்டி, குன்னூர், கூடலூர்க்காரர்களுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கொடைக்கானல்காரர்கள் கோவை என்று வரும் இடத்தில் மதுரை என்று படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கேபினெட்டைத் திறங்கள்

எந்தக் கார்டு என்று தேடுவதற்கு முன் உங்கள் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி நான்கைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும்போது வாயால் விளக்குவதைவிடப் படம் உதவும்.

பார்க்க வேண்டியது: மதர்போர்டில் நீளமான ஸ்லாட் காலியாக இருக்கிறதா, அதன் எதிரே எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டு விசிறி வைத்த கார்டு 200 முதல் 250 மில்லிமீட்டர் வரை வரும். மூன்று விசிறி என்றால் 300ஐத் தொடும், சில தாண்டும். ஹார்டு டிஸ்க் கூண்டு குறுக்கே நிற்கும் பழைய கேபினெட்டில் அது நுழையாது.

கம்பெனிகள் கழித்துவிட்ட ஒல்லியான கணினியை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அதற்குப் பாதி உயரமுள்ள லோ புரொஃபைல் கார்டுதான் பொருந்தும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையும் சிறியது, பல மாடல்களில் வெளியில் வாங்கி மாற்றவும் முடியாத வடிவம். உங்களுக்கு ஜிடிஎக்ஸ் 1650 அல்லது 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, அதுவும் லோ புரொஃபைல் வடிவத்தில், தனி மின்கம்பி கேட்காத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். முதலது 75 வாட், அடுத்தது 70 வாட். இரண்டையும் ஸ்லாட்டே தாங்கும். வேறு பெரிய கார்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.

மானிட்டரின் பின்புறத்தையும் பாருங்கள். நீல நிற விஜிஏ மட்டும் இருந்தால் இன்றைய கார்டுகள் எதிலும் அந்தத் துளை இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான்தான், ஆனால் அது இல்லாமல் கார்டு வந்த அன்று வெறும் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

2. பவர் சப்ளை கார்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட வேண்டும்

என் கதை கெட்டது இங்கேதான். கார்டு, பவர் சப்ளை இரண்டையும் ஒரே நாளில் ஆர்டர் செய்தேன், வேறு வேறு விற்பனையாளர்களிடம். கார்டு நாலாம் நாள் வந்துவிட்டது. ஐப்பசி மழை, சாலையில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றது, பவர் சப்ளை வந்து சேர்ந்தது பன்னிரண்டாம் நாள். கார்டை மாற்றித் தருவதற்கான கெடு, கையில் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாள். பன்னிரண்டாம் நாள் பொருத்தி ஓட்டினால் ஒரு விசிறி கரகரவென்று அரைக்கிறது. கெடு முந்தின நாளே முடிந்திருந்தது.

சரி, இருக்கும் பவர் சப்ளையே போதுமா என்று எப்படிப் பார்ப்பது? கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது பவர் சப்ளையில், 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். என்னுடையதில் 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் கேட்கும், பிராசசர் 65, மற்றதெல்லாம் தனி. எங்கே போவது?

ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு 6 பின் கம்பி 75 வாட்டும், 8 பின் கம்பி 150 வாட்டும் தரும். உங்கள் பவர் சப்ளையில் அந்தக் கம்பியே இல்லை என்றால், ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கம்பியிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒட்டுக் கம்பியை யாராவது நீட்டுவார்கள். வாங்காதீர்கள். சாட்டா முனை தாங்குவது 54 வாட்தான், உருகிவிடும். பிராசசருக்குப் போகும் 8 பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அது நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

நல்ல கம்பெனியின் 550 வாட், ‘80 பிளஸ் ப்ரான்ஸ்’ (வெண்கலத் தர) சான்று பெற்ற பவர் சப்ளைக்கு எனக்கு 4,100 ரூபாய் ஆனது. கார்டின் விலையோடு இதைச் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுக்குத்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது பீப் அடித்துவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட் எத்தனை முறை வந்து போகும் என்று உங்களுக்கே தெரியும். 1000 விஏவுக்குக் குறையாமல் பாருங்கள். பழைய வீடுகள், தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள் பலவற்றில் எர்த் சரியாக இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கார்டு அப்புறம்.

3. ஒரே பெயர், வேறு சரக்கு

பெரிய தள்ளுபடி போட்ட கார்டில் பாதி, பெயர் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருப்பவை. ஆர்டிஎக்ஸ் 3060 என்று 12 ஜிபியும் இருக்கிறது, 8 ஜிபியும் இருக்கிறது. நினைவகம் மட்டும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், 8 ஜிபி கார்டின் நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகியது, வேகமும் குறையும். ஆர்டிஎக்ஸ் 3050இலும் 8 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் இதே கதை. ஜிடி 1030இல் டிடிஆர்4 நினைவகத்தோடு வருவது ஜிடிடிஆர்5 வகையைவிட வெகு மந்தம். ஆர்எக்ஸ் 580 வாங்கினால் 2048எஸ்பி என்ற வால் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், அது அடிபட்ட தம்பி.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி மலிவாகத் தெரியும். அது ஸ்லாட்டில் நான்கு தடத்தை மட்டுமே பயன்படுத்தும். உங்கள் மதர்போர்டின் ஸ்லாட் பழைய மூன்றாம் தலைமுறை (பிசிஐஇ ஜென் 3) என்றால் வேகம் நன்றாகவே விழும். வீடியோவை என்கோடு செய்யும் வசதியும் அதில் இல்லை, என் போன்றவர்களுக்கு உதவாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்லவைதான், ஆனால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) ரீசைசபிள் பார் என்ற வசதி இருந்தால்தான் முழு வேகம் வரும். பழைய மதர்போர்டில் இது பெரும்பாலும் இருக்காது.

ஜிடிஎக்ஸ் 1060, 1070, 1080 இப்போது கொள்ளை மலிவு. ஆனால் 900, 1000 வரிசைகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை, அவற்றின் சிப்பைச் செய்யும் என்விடியா கம்பெனி 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை, அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

என் கருத்தைக் கேட்டால்: கேம் மட்டும் என்றால் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், கரண்டும் குறைவாகக் குடிக்கும். டாவின்சி ரிசால்வ் போன்றவற்றில் எடிட் செய்பவர்கள் 12 ஜிபி 3060 பக்கம் போங்கள்.

4. தள்ளுபடியைக் கணக்குப் போடுவது

கோடு போட்டு அடித்த விலையைப் பார்க்கவே வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே நீங்கள் நினைத்திருக்கும் கார்டின் விலையை வாரம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். குடியரசு தின விற்பனை, ஜூலை விற்பனை, தீபாவளிக்கு முந்தைய விற்பனை, இவைதான் பெரியவை. விற்பனைக்கு முன் விலையை ஏற்றி, விற்பனையில் பழைய இடத்துக்கே இறக்குவது உங்கள் நோட்டில் பளிச்சென்று தெரியும்.

வங்கிக் கார்டு தள்ளுபடியில் பத்து சதவீதம் என்று போட்டுவிட்டு உச்சவரம்பு ஒன்று வைத்திருப்பார்கள். சிறிய எழுத்தில் இருக்கும், படியுங்கள். வட்டியில்லாத் தவணை என்பதில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள், ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், செயலாக்கக் கட்டணமும் வங்கிக் கார்டு பில்லில் தனியாக வரும். எனக்கு 450 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது.

கோவையில் ஒரு கடையில், “பில்லு வேண்டாம்னா ஆயிரத்தைந்நூறு கொறைச்சுக்கலாங்ண்ணா” என்றார் பையன். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 20,000 ரூபாய்க் கார்டில் வரி மட்டும் 3,050 ரூபாய்க்கு மேல். அதில் பாதியை உங்களுக்குக் கொடுத்துவிட்டு வாரன்டியைக் கேட்கும் உரிமையைப் பறித்துக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டுடியோவோ கடையோ ஜிஎஸ்டி பதிவோடு நடத்துபவர்கள் தொழிலுக்காக வாங்கினால் பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நீங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

5. எங்கே வாங்குவது

இணையத்தில்: விலை பார்க்கும் முன் உங்கள் பின்கோடைப் போடுங்கள். 643இல் தொடங்கும் நம் பின்கோடுகளுக்குச் சில விற்பனையாளர்கள் அனுப்புவதே இல்லை. அனுப்பினாலும் நாள் கூடும், திரும்ப எடுத்துப்போக வருவதற்கு இன்னும் கூடும். மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் முகவரிக்கு வரவழைத்து, பஸ்ஸில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றுக் கெடு அவர் கையில் கிடைத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். “ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேன் சித்தப்பா” என்று மூன்று நாளை வீணாக்காதீர்கள்.

கோவைக் கடையில்: மலையிலிருந்து வரும் பஸ்கள் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் விடும், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம். போகும் முன் இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் செய்து, சரக்கு கையில் இருக்கிறதா, விலை வரியோடு சேர்த்தா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீழே போய் நின்ற பிறகு “இப்பத்தான் தீந்துச்சு, இத எடுத்துக்கங்க” என்று வேறொன்றைக் காட்டுவார்கள். விலை இணையத்தைவிட ஐந்நூறு, ஆயிரம் கூட இருந்தாலும், கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லலாம் என்பதால் நான் இனி இப்படித்தான் வாங்குவேன்.

பழைய கார்டு: நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் ஆகிவிட்டது, அவசரமாக விற்கிறேன் என்று அடையாள அட்டைப் படத்தை அனுப்புவது நாடு முழுக்க நடக்கும் மோசடி. நமக்குப் பக்கத்திலேயே ராணுவ ஊரான வெலிங்டன் இருப்பதால் இங்கே அதை இன்னும் எளிதாக நம்பிவிடுகிறோம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், நேரம் தாழ்த்தினால் பயனில்லை.

6. பழைய கார்டைச் சோதிப்பது

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கணினியில் ஈட்டும் ‘சுரங்க’ வேலைக்குக் கார்டுகள் தேவையில்லாமல் போனது. மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடிய அந்தக் கார்டுகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சுரங்கத்தில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. மறைத்து விற்பவரை ஒதுக்குங்கள்.

கண்ணால் பார்ப்பது: திருகுகளில் கீறல், கிழிந்த வாரன்டி ஸ்டிக்கர், தகட்டில் துரு, ஸ்லாட்டுக்குள் போகும் தங்கப் பல்லின் மூலையில் விரிசல். விசிறியை விரலால் மெல்ல ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. ஒரு பென் டிரைவில் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டுவது), ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் ஓட்டுவது), எச்டபிள்யூஇன்ஃபோ (வெப்பம் காட்டுவது) மூன்றையும் கொண்டுபோங்கள், எல்லாம் இலவசம். ஜிபியு-இசட்டில் பெயரை மட்டும் பார்க்காமல் ஷேடர் எண்ணிக்கை, நினைவகத்தின் அளவு, பாதையின் அகலம் மூன்றையும் கம்பெனி சொல்லும் விவரத்தோடு ஒப்பிடுங்கள். கார்டின் உள்மென்பொருளான பயாஸை மாற்றிப் பெயரை ஏமாற்றும் போலிகள் இங்கே மாட்டிக்கொள்ளும். ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். திரையில் வண்ணப் புள்ளி, கோடு, மின்னல் ஏதாவது வந்தால் அங்கேயே முடிந்தது. வராவிட்டால் கணினியை அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். சூட்டுக் காற்று அடித்து உயிர் கொடுத்த கார்டுகள் சில, ஆறிய பிறகு எழுந்திருக்காது.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மார்கழிக் குளிரில் ஊட்டியில் ஒரு வீட்டில் சோதித்தால் எந்தக் கார்டும் 65 டிகிரியில் சாதுவாக நிற்கும். அறையே பன்னிரண்டு, பதினான்கு டிகிரியில் இருக்கும்போது சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோனது தெரியாது. அதனால் மொத்த வெப்பத்தைப் பார்த்து ஏமாறாமல், ஹாட் ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) என்று காட்டும் எண்ணுக்கும் சாதாரண வெப்ப எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 10, 15 டிகிரி இருந்தால் சரி. 25ஐத் தாண்டினால் பேஸ்ட் போயிருக்கிறது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அக்கா மகன் கார்டுக்கு அப்படித்தான் 1,000 ரூபாய் குறைத்தோம். புதுப் பேஸ்ட் வைக்க 300 ரூபாய் ஆனது.

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எல்லாத் துளைகளிலும் கம்பியைச் செருகிப் பாருங்கள். ஒன்று இறந்திருக்கும், சொல்ல மாட்டார்கள்.

7. காகிதங்கள்

புதிய கார்டுக்கு: விற்பவரின் ஜிஎஸ்டி எண், உங்கள் பெயர், கார்டின் சீரியல் நம்பர் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். இணையப் பில்லில் சீரியல் நம்பர் பல சமயம் இருக்காது. அட்டைப்பெட்டி ஸ்டிக்கரையும் கார்டின் பின்புற ஸ்டிக்கரையும் ஒரே சட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டில் தொடங்கி கார்டு வெளியே வரும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவை ஏற்க மாட்டார்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால் கூடுதல் ஆண்டு வாரன்டி தருகின்றன. வாங்கிய அன்று இரவே பதிவு செய்துவிடுங்கள்.

பழைய கார்டுக்கு: முதல் பில்லின் நகல், பெட்டி, சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு “இன்ன தேதியில் இவ்வளவு ரூபாய்க்கு விற்றேன்” என்று விற்றவரிடமிருந்து ஒரு செய்தி. பணத்தை யுபிஐயில் கொடுங்கள். வாரன்டி பாக்கி இருக்கிறது என்றால், அது சீரியல் நம்பரை வைத்தா, பில் பெயரை வைத்தா என்று கம்பெனி உதவி எண்ணில் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தது என்றால் இங்கே வாரன்டி கிடைக்கும் என்று எண்ணி விலை கொடுக்காதீர்கள்.

என் முதல் கோவைப் பயணம் வீணானதும் காகிதத்தால்தான். விசிறி கெட்ட கார்டை வாரன்டிக்குக் கொண்டுபோன இடத்தில் பில்லைப் போனில் காட்டினேன், அச்சிட்ட நகலும் பெட்டியும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசிறி மாறி வர அப்புறம் ஐந்து வாரம். விற்றவரும் கம்பெனியும் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், காசு செலவில்லை.

8. மேலே கொண்டுவந்து பொருத்துவது

கீழே கணினியையே முழுதாக அசெம்பிள் செய்து காரில் ஏற்றி வருகிறீர்களா? கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ எடை அந்தச் சிறிய ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஆடினால் ஸ்லாட் விட்டுவிடும். பஸ் என்றால் மடியில். லக்கேஜ் கேரியரில் யாருடைய முட்டைக்கோஸ் மூட்டைக்கு அடியில் போகுமோ.

வந்ததும் பிரித்துவிடாமல் பெட்டியோடு ஒரு ராத்திரி அறையில் இருக்கட்டும். காலையில் பொருத்துங்கள்.

ஸ்வெட்டரையும் கம்பளி சாக்ஸையும் கழற்றுங்கள். உறைபனி மாதங்களில் காற்று வறண்டு கிடக்கும், ஸ்வெட்டர் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்கிறதே, அந்த ஒரு பொறி போதும் கார்டைக் கொல்ல. கழற்றிய பிறகு கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்துங்கள். ஸ்லாட்டின் பூட்டு கிளிக் என்னும்வரை கார்டை நேராக அழுத்தி, திருகு போட்டு, மின்கம்பியைச் செருகுங்கள். மானிட்டர் கம்பியைக் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. நான் நாற்பது நிமிடம் மதர்போர்டில் செருகி வைத்துக்கொண்டு கார்டு செத்துவிட்டது என்று புலம்பினேன்.

9. முதல் ஏழு நாள்

பொருத்திய அன்றே ஃபர்மார்க், மறுநாள் இரண்டு மணி நேரம் உங்கள் உண்மையான வேலை. கேமோ எடிட்டிங்கோ, எதற்கு வாங்கினீர்களோ அது. சத்தம், அணைந்து போவது, திரை கருப்பாவது எது நடந்தாலும் போனில் வீடியோ எடுத்து அன்றே மாற்றக் கோரிக்கை போடுங்கள். ஆறாம் நாள் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஆள் வந்து எடுத்துப்போவது தாமதமானாலும், கோரிக்கை போட்ட தேதி கெடுவுக்குள் இருந்தால் நீங்கள் பேச இடம் இருக்கும்.

பெட்டியையும் உள்ளிருந்த ஸ்பாஞ்சையும் வாரன்டி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். அடுப்பு பற்றவைக்க அட்டை தேடும் வீட்டில் அதைப் பீரோ மேல் வைப்பது நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போட்டு வையுங்கள், நம் ஊர் மழையில் அட்டை பூஞ்சை பிடித்து, ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பர் அழிந்துவிடும்.